நாலுல வை

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். 2024 ஏப்ரல் கடைசி வாரம், பெங்களூரில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிய நாட்கள். கும்பகோணத்திலிருந்து ராத்திரி வண்டியில் வந்து இறங்கியவர், "பெங்களூரு குளிருமேன்னு ஸ்வெட்டர் வேற எடுத்துட்டு வந்தேன்" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "ஃபேனை நாலுல வைம்மா" என்றார். இங்கே ஃபேன் போனிலிருந்துதான் ஓடும். நான் போனை எடுத்தேன். திரையில் மூன்று பொத்தான்கள் இருந்தன: குறைவு, நடுத்தரம், அதிகம். நாலு என்ற ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது.

"மூணுல வைக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன். "உன் மூணு நம்ம வீட்டு மூணா, இல்ல அஞ்சா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நடுத்தரத்தில் வைத்தேன், வேர்த்தது. அதிகத்தில் வைத்தேன், காற்று நேரே தலையில் அடிக்கிறது, தொண்டை காய்கிறது என்றார். அவருக்கு 78 வயது. ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேன் போட்ட நாளிலிருந்து நாலாம் நம்பரில்தான் தூங்குகிறார். நடுவில் ரெகுலேட்டர் இரண்டு முறை மாறியது. முதலில் இருந்தது கையால் தொட்டால் சுடும் பெரிய பெட்டி, அப்புறம் வந்தது சின்னத் திருகு. அம்மா போன பிறகு ஃபேனே மாறியது. நாலு மட்டும் மாறவில்லை. பிறந்ததிலிருந்து அந்த நாலின் சத்தம் கேட்டு வளர்ந்த நான்தான் அதை வீட்டை விட்டு எடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான்: இங்கே யார் யாருக்காக வளைந்து கொடுக்க வேண்டும்? எழுபத்தெட்டு வயதுக்காரர் புதுப் பழக்கம் பழகிக்கொள்ள வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்று அவரிடமே சொன்னேன். "சரிம்மா" என்றார். அந்த "சரிம்மா"வை நான் அப்படியே எடுத்துக்கொண்டது தப்பு.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கத் தெருக்களில் ஒன்றில், மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. மூன்று வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்ததில் பதினோரு பல்பு, மூன்று ஃபேன் மாட்யூல் (போன் சொல்கிறபடி ஃபேனின் வேகத்தை மாற்றும் சின்னப் பெட்டி), இரண்டு கதவு சென்சார், பால்கனியில் ஒரு பிளக் என்று ஆகியிருந்தது. எல்லாமே ஜிக்பீ, அதாவது வீட்டுச் சாமான்கள் ஒன்றோடொன்று வானொலியில் பேசிக்கொள்வதற்கான ஒரு தரநிலை. இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்த காரணம். பல்புக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால்தான் அது சொன்னதைக் கேட்கும். அதனால் சுவர் சுவிட்சுகளை 'ஆன்' பண்ணி, யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று மேலே வெள்ளை டேப் ஒட்டிவிட்டேன். இப்படிப்பட்ட பல்பு வைத்திருக்கிற பல வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். அப்பா வந்த அன்றே சொன்னேன்: "அந்த டேப் ஒட்டின சுவிட்சை மட்டும் தொடாதீங்கப்பா. எது வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

எல்லோரும் ஒத்துக்கொண்ட சொற்கள்

இந்தச் சாமான்களின் மேல் எனக்குக் கோபம் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நேசமும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. நான் முதன்முதலில் வாங்கியது வைஃபையில் ஓடும் ஒரு பிளக். அதற்கென்று தனி ஆப், தனிக் கணக்கு. பக்கத்தில் நின்று போனைத் தொட்டாலும், அந்தக் கட்டளை எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வருக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். இரண்டு வருடத்தில் அந்த ஆப்பை நிறுத்திவிட்டார்கள். பிளக்குக்குள் மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் இருந்த ரிலே நன்றாகத்தான் இருந்தது, மின்சாரமும் வந்துகொண்டுதான் இருந்தது. 'எரி' என்று அதனிடம் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது. பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, அது அறிந்த ஒரே மொழியைப் பேச ஆள் இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி.

பொதுத் தரநிலை என்று ஒன்று தேவைப்படுவது இங்கேதான். ஜிக்பீ கூட்டமைப்பு 2002-ல் தொடங்கியது. அடியில் இருக்கும் வானொலிக்கான 802.15.4 தரநிலை 2003-ல் வந்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வானொலி இல்லை, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சொற்பட்டியல். ஒரு வீட்டுச் சாமானிடம் என்னென்ன கேட்கலாம், அது என்னென்ன பதில் சொல்லலாம் என்பதைத் தொகுப்பு தொகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்குக் கிளஸ்டர் என்று பெயர். 6 என்றால் எரிவதும் அணைவதும். அதில் கட்டாயமான கட்டளைகள் மூன்றே மூன்று: அணை, எரி, இருப்பதை மாற்று. 8 என்றால் அளவு. இந்த அளவுக்குப் போ, ஏறிக்கொண்டே இரு, ஒரு படி ஏறு, நில். 257 கதவுப் பூட்டு, 258 திரைச்சீலை, 768 நிறம். 3 என்றால் 'நீ யார், கொஞ்சம் கண்ணைச் சிமிட்டிக் காட்டு'. பத்து பல்புக்கு நடுவில் எது எது என்று தெரியாமல் நிற்கும்போது அந்த மூன்றாம் எண்ணின் அருமை தெரியும்.

2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் மூன்றும் ஜிக்பீ கூட்டமைப்போடு சேர்ந்து புதிதாக ஒன்று செய்வதாக அறிவித்தன. 2021-ல் கூட்டமைப்பின் பெயரே மாறியது. 2022 அக்டோபரில் அந்தப் புதுத் தரநிலை மேட்டர் 1.0 என்ற பெயரில் வந்தது. வைஃபையிலும் த்ரெட் என்ற இன்னொரு வானொலி வலையிலும் ஓடுவது, ஐபி முகவரி கொண்டது, எல்லாம் புதுசு. ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் எரிவதும் அணைவதும் அதே 6, அளவு அதே 8. நான் மென்பொருள் சோதனையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டேன், எத்தனையோ 'புது' வந்து பழசைத் துடைத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அடியில் எல்லாம் மாறியும் சொல் மாறவில்லை என்று பார்த்தபோது மனதுக்கு ஓர் இதம் இருந்தது. பழைய பல்பைத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்தால் போதும் என்று அர்த்தம்.

ஆனால் அகராதி என்றால் அதில் இருக்கும் சொல் மட்டும்தான் இருக்கும். யாருடைய வீட்டை நினைத்து எழுதினார்களோ அந்த வீட்டுச் சொல்தான் முதலில் ஏறும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்

மே முதல் வாரம் மழை வந்தது. அத்தனை நாள் காய்ந்ததற்குச் சேர்த்து வைத்துக் காற்றும் இடியுமாக வந்தது. எங்கள் தெருவில் ஒரு மரக்கிளை விழுந்து, ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. எங்கள் அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தோம். மழைக்குப் பிறகு குளிர்ந்துவிட்டதால் நானும் என் கணவரும் அசந்து தூங்கிவிட்டோம். எங்கள் அறையில் கட்டில் விளக்கு மட்டும் சாதாரண பல்பு, மேல் விளக்கு பழைய ட்யூப். அதனால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடம் பகல் மாதிரி இருந்தது. கூடத்தில் நாலு, சாப்பாட்டு மேசை மேல் இரண்டு, நடைபாதையில் ஒன்று, அடுக்களையில் இரண்டு, அப்பா அறையில் இரண்டு, பதினோரு பல்பும் முழு வெளிச்சத்தில், வெள்ளை வெளேர் என்று எரிந்துகொண்டிருந்தன. அப்பா அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். துண்டை நனைத்துக் கண்ணின் மேல் போட்டிருந்தார். தலைக்கு மேலே ஃபேன் நின்றிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஏனென்றால் அவர் அறை ஜன்னலைக் கொசுவுக்குப் பயந்து நான்தான் சாத்தியிருந்தேன்.

"எப்ப கரண்ட் வந்துதுப்பா?"

"மூணு அடிக்கக் கொஞ்சம் முன்னாடி."

"என்னை எழுப்பியிருக்கலாமே? இல்ல சுவிட்சை அணைச்சிருக்கலாமே?"

"நீதானேம்மா தொடாதீங்கன்னு டேப் ஒட்டி வச்சிருக்கே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சொன்னபடி செய்திருக்கிறேன் என்று ஒரு மாணவன் ஆசிரியரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "நீ காலைல வேலைக்குப் போகணும். அதான்."

இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெளிச்சத்தில், காற்றில்லாமல், மூன்றடி தூரத்தில் இருக்கும் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு. நான் அந்தச் சுவர் பக்கம் போய் டேப்பைப் பிடித்து இழுத்தேன். பெயின்டும் சேர்ந்து வந்தது. இன்றைக்கும் அங்கே வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது, நான் பூசவில்லை.

கட்டாயம், விருப்பம்

அன்று விடுப்பு போட்டேன். இந்தச் சாமான்களையெல்லாம் கட்டி மேய்க்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடும் சின்னப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பல்பும் என்னென்ன சொல்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். விடை அந்தப் பட்டியலிலேயே இருந்தது, மூன்று வருடமாக இருந்திருக்கிறது. ஆறாம் எண் கிளஸ்டருக்குள், மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கென்றே ஒரு பண்பு உண்டு. அணைந்தே இரு, எரி, முன்பு இருந்ததற்கு நேர்மாறாக இரு, முன்பு இருந்த மாதிரியே இரு. இவற்றில் ஒன்றை நாம் எழுதி வைக்கலாம். மேட்டரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதாவது என் அப்பாவின் ராத்திரி யாரும் யோசிக்காத ஒன்றில்லை. யாரோ யோசித்து, அதற்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் எல்லாம் எரிந்தன? பல்பு செய்கிறவர்கள் 'எரி' என்பதைத்தான் ஆரம்ப நிலையாக வைத்து அனுப்புகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கரண்டே போகாத ஊரில் ஒரு பல்புக்கு மின்சாரம் நின்று திரும்ப வருகிறது என்றால், யாரோ சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். போட்டவருக்கு வெளிச்சம் வேண்டும். எனவே எரி. அந்த வீட்டுக்கு அது சரியான பதில். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத என் தெருவுக்கு அதே பதில் தப்பு. இயந்திரம் பழுதாகவில்லை. அது வேறு ஊரின் பழக்கத்தை என் வீட்டில் கடைப்பிடித்தது.

பதினோரு பல்புக்கும் 'முன்பு இருந்த மாதிரியே இரு' என்று எழுதினேன். ஏழு ஏற்றுக்கொண்டன. நாலு பல்பு, அந்தப் பண்பு என்னிடம் இல்லை என்று பதில் அனுப்பின. அவையும் அதே சான்று பெற்றவை, அட்டைப்பெட்டியில் அதே முத்திரை. ஏழுக்கும் நாலுக்கும் பெட்டியில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தரநிலையில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்பு இல்லை. சிலவற்றுக்கு எதிரே 'கட்டாயம்' என்று இருக்கும். சிலவற்றுக்கு எதிரே 'விருப்பம்' என்று இருக்கும். எரி, அணை, மாற்று மூன்றும் கட்டாயம். மின்சாரம் திரும்பினால் என்ன என்பது அந்த ஜிக்பீ பட்டியலில் விருப்பம். முத்திரை வாங்கக் கட்டாயத்தைச் செய்தால் போதும்.

என் மனதில் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது இந்த இடத்தில்தான் ஒரு உருவத்துக்கு வந்தது. எது கட்டாயம் என்பது எங்கே வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தது. நிறம் மாறும் பல்பில் எத்தனை நிறம் என்பதை அட்டையில் பெரிதாகப் போடுகிறார்கள். கரண்ட் போய் வந்தால் என்ன செய்யும் என்று ஒரு வரி போடுவதில்லை. இந்த நாட்டில் விற்கும் எந்தப் பல்பிலும் எந்த ஃபேன் மாட்யூலிலும் அந்த ஒரு வரி இருக்க வேண்டும், அந்தப் பண்பும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முடியாத காரியம் இல்லை. சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம் ஆக்கினார்கள், இப்போது கடையில் போய் ஃபேன் கேட்டால் சாதாரண மனிதரும் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துத்தான் வாங்குகிறார். அந்த முத்திரைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

யாருடைய விசிறி

விளக்குகளில் ஏழு சரியாகிவிட்டன, ஆனால் அப்பா கேட்ட ஃபேனின் நாலு இன்னும் வரவில்லை. எங்கள் கட்டடத்துக்கு எப்போதும் வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். பக்கத்து மர்ஃபி டவுன்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம், தமிழில் தொடங்கி நடுவில் கன்னடத்துக்குப் போய்த் திரும்பி வருவார். ஸ்டூலில் ஏறி மாட்யூலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது ஏசிக்குள்ள காத்து தள்ளுற ஃபேனுக்குப் போடறது மா. மூணு ஸ்பீடுதான் வரும். நம்ம ஃபேனுக்கு இது இல்ல" என்றார்.

அவர் எந்த ஆவணத்தையும் படித்தவர் இல்லை. ஆனால் அன்று ராத்திரி நான் 514-ஆம் எண் கிளஸ்டரைத் தேடிப் படித்தபோது, அவர் சொன்னதுதான் அங்கே எழுதியிருந்தது. ஜிக்பீ பட்டியலில் ஃபேன் வருவது வெப்பமூட்டல், குளிரூட்டல் என்ற பகுதியில். தெர்மோஸ்டாட்டுக்கு அடுத்த எண். வெப்பமூட்டும் அல்லது குளிரூட்டும் அமைப்பில் இருக்கும் ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்கு என்றே விளக்கம். அதற்குக் கொடுத்த நிலைகள்: நில், குறைவு, நடுத்தரம், அதிகம், ஓடு, தானாக, இன்னும் ஒன்றிரண்டு. சீலிங் ஃபேனை மறந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவர்கள் மனதில் ஃபேன் என்ற சொல்லைக் கேட்டதும் வந்த படம் வேறு, அவ்வளவுதான். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தலைக்கு மேலே சுற்றுவதும் சுவரில் ஐந்து எண் போட்ட திருகும்தான் வரும்.

மேட்டர் இதைச் சரி செய்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எண் அதே 514-தான், ஆனால் இப்போது ஃபேன் 'எனக்கு மொத்தம் எத்தனை வேகம்' என்று தானே சொல்லலாம். ஐந்து என்றால் ஐந்து. பிறகு 'நாலுக்குப் போ' என்று சொல்லலாம், அல்லது சதவீதத்தில் சொல்லலாம். 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில் ஃபேனைத் தனி வகையாகவே சேர்த்துவிட்டார்கள். ஏசிக்குள் ஒளிந்திருந்த ஃபேன் தனியாக வெளியே வர ஜிக்பீயில் தொடங்கி இத்தனை வருடம் ஆனது.

"விளக்குக்குப் போடற டிம்மரை வச்சு ஃபேனை ஓட்டலாமே அண்ணே, அதுல நிறைய அளவு இருக்கே" என்று கேட்டேன். "ஓட்டலாம் மா, ராத்திரி பூரா உறுமும். பெரியவர் தூங்குவாரா?" என்றார். விளக்கின் டிம்மர் மின்அலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது, மோட்டாருக்கு அது ஒத்துக்கொள்ளாது. நம் சுவர் ரெகுலேட்டரில் இப்போது இருப்பது கெப்பாசிட்டர், படி படியாகத்தான் மாறும், சத்தம் வராது. பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் வைத்தது) மாற்றிவிடலாம், கரண்ட் பாதிதான் ஆகும், ரிமோட் வரும் என்றும் சொன்னார். எனக்கு ஆசைதான். ஆனால் நான் பார்த்த மாடல்களில் எல்லாம் ரிமோட் ஒருவழிப் பேச்சு. நாம் சொல்வதை ஃபேன் கேட்கும், அது இப்போது எதில் ஓடுகிறது என்று நம்மிடம் சொல்லாது. அதோடு அப்பா கண்ணாடியையே தேடுகிறவர், ரிமோட்டையும் தேட வேண்டாம்.

கடைசியில் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அண்ணனே தேடிப் பிடித்தார். கெப்பாசிட்டர் வைத்த ஐந்து படி மாட்யூல், முன்பக்கத் தட்டில் கூட்டு, குறை என்று இரண்டு பொத்தான், பக்கத்தில் ஐந்து சின்ன விளக்கு. நாலில் ஓடினால் நாலு விளக்கு எரியும். திருகு இல்லாதது நல்லது என்று எனக்குப் பட்டது. திருகு நாலில் நிற்கும், போனிலிருந்து யாராவது இரண்டுக்கு மாற்றினால் சுவர் பொய் சொல்லும். இந்த ஐந்து விளக்கு யார் மாற்றினாலும் உள்ளதையே காட்டும். விளக்குகளுக்கும் அதே வழி. பண்பு இல்லை என்று சொன்ன நாலு பல்பையும் எடுத்துவிட்டு, சாதாரண பல்பு போட்டு, சுவிட்சுக்குப் பின்னால் ரிலே வைத்தோம். ரிலேவுக்குத் தேவையான நியூட்ரல் கம்பி சுவிட்ச் பெட்டியில் இருக்குமா என்று பயந்தேன், பக்கத்திலேயே ஐந்து ஆம்ப் பிளக் இருந்ததால் இருந்தது. இப்போது சுவிட்ச் சுவிட்சாக வேலை செய்கிறது. யாருக்கும் எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாடிப்படி விளக்கு

இதில் ஒரு தப்பு நான் புதிதாகவும் செய்தேன். அந்த ராத்திரிக்குப் பிறகு அப்பா கட்டிலருகே பேட்டரியில் ஓடும் பொத்தான் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். ஒரு அழுத்து, விளக்கு மாறும். எரிந்தால் அணையும், அணைந்தால் எரியும். மூன்றாவது கட்டளை, 'இருப்பதை மாற்று'. சுருக்கமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்பா அழுத்துவார். பல்பு மெல்ல மெல்ல எரியும்படி நான் வைத்திருந்ததால் உடனே வெளிச்சம் தெரியாது. கேட்கவில்லை போல என்று இன்னொரு முறை அழுத்துவார். அணைந்துவிடும். "உன் பொத்தானுக்கு நான் சொல்றது பிடிக்கல போலிருக்கு" என்றார்.

ஊரில் எங்கள் மாடிப்படி விளக்கும் இதே மாதிரிதான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் இருப்பது மாறும். அங்கே யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். அங்கே தட்டுகிறவர் கண்ணெதிரே விளக்கு இருக்கிறது, தட்டிய கணமே பதில் வந்துவிடுகிறது. 'மாற்று' என்பது விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்ல வேண்டிய சொல். பார்க்காதவர், தூரத்தில் இருப்பவர், அரைத் தூக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியது 'எரி' அல்லது 'அணை'. எரி என்று நாலு முறை சொன்னாலும் விளக்கு எரியத்தான் செய்யும். அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினாலும், நான் போனிலும் அவர் பொத்தானிலும் ஒரே நேரத்தில் சொன்னாலும் முடிவு ஒன்றுதான். வேலையில் இதைச் சோதித்துச் சோதித்துப் பழகியவள் நான், ஒரே கட்டளை இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்பதுதான் நாங்கள் முதலில் எழுதும் சோதனை. வீட்டில் அதை எழுதவில்லை. பொத்தானை மாற்றினேன்: சும்மா அழுத்தினால் எரி, அழுத்திப் பிடித்தால் அணை.

அப்பாவின் "நாலுல வை" எப்போதுமே அந்த வகைச் சொல்தான் என்று அப்போது தோன்றியது. கூட்டு என்று சொல்லவில்லை, குறை என்று சொல்லவில்லை, மாற்று என்று சொல்லவில்லை. ஃபேன் முன்பு எதில் ஓடினாலும் கவலை இல்லை, முடிவில் நாலில் நிற்க வேண்டும். நல்ல கட்டளை எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் அலுவலகத்தில் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவதை அவர் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தீபாவளிக்குத் திரும்ப வந்தார். இந்த முறை ஸ்வெட்டர் எடுத்து வரவில்லை, போன தடவை சுமந்தது வீண் என்று. கட்டிலில் உட்காரும் முன்பே சுவருக்குப் போய்ப் பொத்தானைத் தானே அழுத்தி, விளக்கை விரலால் எண்ணினார். "நாலு" என்றார். என் போனில் 80 சதவீதம் என்று வந்தது. "எண்பதா? அது யாருக்கு?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் சதவீதத்தை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று ஐந்து பொத்தானாக மாற்றி, அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த நாள் எண்ணெய்க் குளியலுக்காகச் சீக்கிரம் எழுந்தபோது, கரண்ட் ஏதாவது போய் வந்ததா என்று பழைய பயத்தில் போனைப் பார்த்தேன். போகவில்லை. 2:10-க்கு ஃபேன் நாலிலிருந்து மூன்று. 2:40-க்கு மூன்றிலிருந்து இரண்டு. இரண்டுமே சுவரிலிருந்து. அக்டோபர் கடைசி, அல்சூரில் விடியற்காலைக்கு நல்ல குளிர் இறங்கிவிடும். அலமாரி மேல்தட்டிலிருந்து கனமான போர்வையை எடுத்து அவர் கால்மாட்டில் வைத்துவிட்டு, எண்ணெய் காய்ச்சப் போனேன்.